துலேர் குடித்த காலம்

வலிக்குத் தமிழில் இத்தனை பெயர் இருக்கிறது என்று அந்த வருடம்தான் தெரிந்தது. குத்துதா, கடுக்குதா, பிசையுதா, எரியுதா, முறுக்குதா, சுருக்கென்று இழுக்குதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எதுவும் பொருந்தவில்லை. யோசித்தால் எல்லாமே பொருந்தியது. நெஞ்சுக்குழிக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே, ஓர் உள்ளங்கை அகல இடத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டு ஈரத்துணியை நிதானமாகப் பிழிந்துகொண்டிருந்தார். பகலில் அவர் வேறெங்கோ வேலைக்குப் போய்விடுவார். ஊர் அடங்கி, நான் முதல் தூக்கத்தை முடித்துப் புரளும்போது வந்து உட்காருவார். அவசரமே இல்லாத மனிதர்.

கல்யாணப் பத்திரிகைகளில் வீட்டு விலாசத்துக்குக் கீழே செல்போன் எண்ணையும் போடத் தொடங்கியிருந்த காலம். அந்த எண்களைச் சரிபார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி என்பதால் நினைவிருக்கிறது. ஊருக்குள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒற்று மிகுந்தால் வெட்டுவேன், குறைந்தால் சேர்ப்பேன். 'திருவளர்ச்செல்வி'க்கு நடுவே ச் வேண்டுமா வேண்டாமா என்று பெண்ணைப் பெற்றவரிடமே வாதாடுவேன். வீடு புதுச்சேரி முதலியார்பேட்டையில், மாடியில், வாடகைக்கு. நான், மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள்.

காலையில் எழுந்தால் வலி இருந்த இடம்கூடத் தெரியாது. விரலால் அழுத்தித் தேடுவேன். இங்கேதானே இருந்தது? இல்லை, கொஞ்சம் இடப்பக்கமா? இரவு முழுக்க என்னைச் சுருட்டிப் போட்ட ஒன்று, காலையில் ஒரு தழும்பையாவது விட்டுப்போகக் கூடாதா? மனைவி பல்பொடியோடு வந்து நிற்பாள்.

"இப்ப வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப போயி குளிங்க. தண்ணி நின்னுடும்."

காரணம் சொல்லாத ஆளே இல்லை. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற தம்பி, "வாய்வுண்ணே, பூண்டை சுட்டு முழுங்குங்க" என்றான். முதலாளி, நான் நாற்காலியில் கூன்போட்டு உட்காருவதால் குடல் மடிந்துவிட்டது என்றார். மனைவிக்கு என் எழுத்தின் மேல் சந்தேகம். "சாப்ட ஒடனே குனிஞ்சிகினு கவித எழுதுறீங்க இல்ல, அது எறங்காம அங்கியே நிக்குது" என்பாள். அது என்பது சோறா கவிதையா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் அந்த நாட்களில் இறங்காமல்தான் நின்றன. எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரும், அடுத்த வரி முதல் வரியைச் சந்தேகிக்கும், மூன்றாவது வருவதற்குள் இரவு அந்த ஆளை அனுப்பிவிடும்.

பைண்டிங்கில் வேலை செய்த அக்காதான் உறுதியாகச் சொன்னவர். "இது தொக்கம். வேற ஒண்ணும் இல்ல." தின்றது ஏதோ குடலில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் கிடந்தால் எங்கள் பக்கம் அதற்குத் தொக்கம் என்று பெயர். எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. வைத்திக்குப்பத்தில் அவருக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். மணலில் ஏற்றியிருந்த படகு நிழலில் பெண்கள் சங்கரா மீனைக் கூறுபோட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் படுக்கவைத்து, விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை மேலிருந்து கீழே நீவினார். பிறகு குனிந்து வயிற்றில் வாய்வைத்து உறிஞ்சித் தட்டில் ஒன்றைத் துப்பினார். வெள்ளையாக, நகம் அளவில், மீன்தோல் மாதிரி.

"இன்னா சாப்ட்டே நீ? பாரு. எம்மா நாளா கெடக்குது."

பார்த்தேன். அது என்னிடமிருந்து வந்ததா, அவரிடமிருந்து வந்ததா என்று மனம் அலைந்தது. ஆனாலும் அதைப் பார்த்தபோது ஒரு பெருமூச்சு வந்ததை மறுக்கமாட்டேன். ஒரு நகம் அளவு. அவ்வளவுதானா!

"கொஞ்ச நாளைக்கு கஞ்சித்தண்ணி மட்டுந்தான். சோடா, கலரு, பொங்குறது ஒண்ணும் வாணாம்" என்று சொல்லி அனுப்பினார்.

நம்பமாட்டீர்கள், அந்தச் சில நாட்கள் நன்றாகத் தூங்கினேன். மனைவி பைண்டிங் அக்காவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொடுத்தாள். கஞ்சி சலித்து, பழைய சாப்பாட்டுக்கும் பழைய பழக்கங்களுக்கும் திரும்பிய அதே வாரம், அவரும் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

இன்னொரு காரணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

என் அப்பா வயிற்றில் கட்டி வந்து இறந்தார். அப்படித்தான் சொன்னார்கள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவரும் இரவில்தான் புரண்டார். காலையில் ஒன்றும் நடக்காதவர்போல் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருநாள் முற்றத்தில் உட்கார்ந்து கறுப்பாக வாந்தி எடுத்தார். காப்பித்தூள் கரைத்தது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே போன அப்பா உயிரோடு வெளியே வரவில்லை. வெளியே வந்த ஒருவர், வயித்துல கட்டி ஒடஞ்சிடுச்சு என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான். பிறகு அம்மாவும் போய்விட்டாள். அந்த ஒரு வரிதான் எனக்கு மிஞ்சியது, ஒடஞ்சிடுச்சு.

ஆகவே அந்த உள்ளங்கை அகல இடத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்வு என்றாலும் தொக்கம் என்றாலும் தலையாட்டினேன். உள்ளே ஒரே கேள்வி. எனக்கும் அதுதானா? மகளின் நோட்டுக்கு அட்டை போடும்போது, அவளுக்குக் கல்லூரி போகும் வயது வருவதற்குள் எத்தனை அட்டை போட வேண்டியிருக்கும் என்று மனம் கணக்குப் போடும். மனைவிக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே அதிகமாகப் பேசினாள்.

இரவில் அவள் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று. எழுந்து போய், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, எனக்குத் துலேர் கலந்து கொண்டுவருவாள்.

துலேர் என்றால் எங்கள் வீட்டு மருந்து. வேறு யார் வீட்டிலும் அந்தப் பெயரைச் சொன்னால் புரியாது. அதைச் சொல்வதற்கு அத்தையிலிருந்து தொடங்கவேண்டும்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியபோது, யார் எந்த நாட்டுக்குடி என்று அவரவரே எழுதிக்கொடுக்கலாம் என்றார்களாம். அப்பா எழுதிக்கொடுக்கவில்லை, இந்தியராக நின்றுவிட்டார். அத்தையைக் கட்டிய மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அத்தை அந்தப் பக்கம் போய்விட்டாள். மாமா இறந்தபிறகும் பாரீசுக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் அவருடைய பென்ஷனில் இருந்தாள். அங்கே குளிர் ஏறும்போது விமானம் ஏறிப் புதுச்சேரிக்கு வந்துவிடுவாள். பெட்டியைத் திறந்தால் சாக்லேட், வாசனை சோப்பு, வீட்டையே நாறடிக்கும் பாலாடைக்கட்டி, அப்புறம் ரப்பர்பேண்டு போட்டுக் கட்டிய வெள்ளிக்காகிதப் பட்டைகள். அட்டைப் பெட்டியெல்லாம் இடத்தை அடைக்கும் என்று அங்கேயே பிரித்து எறிந்துவிட்டு, மாத்திரைப் பட்டையை மட்டும் அடுக்கிக் கொண்டுவருவாள்.

சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கை. ராத்திரி சாப்பிட்டதும் அப்பா கண்ணாடி டம்ளரை எடுப்பார். வெள்ளிக்காகிதத்தைக் கிழித்து, காலணா அகல வெள்ளை வில்லையைத் தண்ணீரில் போடுவார். சொய்யென்று ஒரு சத்தம். வில்லை அடியில் கிடந்து சுழலும், ஓரம் கரைந்து மேலே வரும், கவிழும், காணாமல் போகும். டம்ளருக்கு மேல் எலுமிச்சை வாசனையில் ஒரு சாரல் தெறிக்கும். முகத்தைக் கொண்டுபோய் அந்தச் சாரலில் வைத்துக்கொள்வேன். அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீளமாக ஓர் ஏப்பம் விடுவார். பிறகு ஆங் என்பார். அன்றைய நாள் முடிந்தது என்பதற்கு அதுதான் முற்றுப்புள்ளி.

"அது இன்னாப்பா?"

"துலேருக்குடா."

அவர் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், நான் படித்தது தமிழில். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, போன்ழூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும். குடித்தார், ஏப்பம் விட்டார், ஆகவே செரிப்பதற்கு. இதில் கேட்க என்ன இருக்கிறது? அப்பா போனபிறகும் அத்தை, அண்ணன் வீட்டுக்கு என்று பட்டைகளைக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. நானும் குடிப்பதை நிறுத்தவில்லை. தீபாவளிக்கு, கறி தின்ற அன்றைக்கு, கல்யாண விருந்து முடிந்து வந்தால். மனைவி வந்தபிறகு அவளும் கற்றுக்கொண்டாள். 'வயிறு உப்பிகினு கீது, ஒரு துலேர் கலக்கட்டுமா?'

வலி வந்தபிறகு தினமும். குடித்த கொஞ்ச நேரத்துக்கு அந்த ஆள் எழுந்து நின்றுகொள்வார். எனக்கு அது போதும். அந்த இடைவெளிக்குள் நழுவித் தூங்கிவிடுவேன். மறுபடி அவர் வந்து உட்காரும்போது முன்னைவிடக் கொஞ்சம் கனமாக இருப்பார். அதைக் கட்டி வளர்வதாக எடுத்துக்கொண்டேன்.

தெருமுனை டாக்டரிடம் போனோம். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"இல்ல சார்."

"எப்பவாச்சும்?"

"எப்பவுமே இல்ல சார்."

"பாண்டிச்சேரில இருந்துகினு?" என்று என் மனைவியைப் பார்த்தார். சாட்சி கேட்கிற பார்வை. தெருவுக்கு நாலு பிராந்திக்கடை இருக்கிற ஊரில் வயிற்றுவலியோடு வருகிற ஆண்பிள்ளைக்கு வேறு காரணம் இருக்க முடியாது. மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "சத்தியமா இல்ல டாக்டர். அவுரு பொங்கலுக்குக்கூட ரெண்டாவது கரும்பு கடிக்கமாட்டாரு" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். அதையும் குடித்தேன், துலேரையும் குடித்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. ஈரல் சுத்தம். எடுத்தவர் குளிர்ந்த பசையைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்துவிட்டு, "நெறைய குடிக்கிறவங்களுக்கு இவ்ளோ நல்லா இருக்காது சார்" என்று பாராட்டினார்.

ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. ஒன்றும் இல்லாதது எப்படி இப்படி வலிக்கும்? எழுத்தில் பிழை இல்லை, வரியில் பிழை இல்லை, ஆனால் பக்கம் தப்பாக இருக்கிறது என்றால் மெய்ப்புப் பார்க்கிறவன் எங்கே கோடு போடுவான்?

கடைசியில் வயிற்றுக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். வேகமாகப் பேசுகிறவர். தொண்டையில் கசப்பாக எதையோ அடித்து மரத்துப்போகச் செய்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய்வழியாகக் குழாயை இறக்கினார்கள். கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்தில் சின்னத் திரையில் என் உட்புறம் ஓடிக்கொண்டிருந்தது. ஈரமான, இளஞ்சிவப்பான குகை. இத்தனை வருடமாக நான் சுமந்து திரிந்த வீட்டை முதல்முறை பார்க்கிறேன். அப்பாவின் குகையை யாரும் பார்க்கவில்லையே என்று அப்போது தோன்றியது. வாயில் குழாய் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

"புண்ணு இருக்கு, ரெண்டு எடத்துல" என்றார் டாக்டரம்மா. நானும் மனைவியும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தோம். "பாத்தா பயப்படற மாதிரி தெரியல. ஆனாலும் ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். அடுத்த வாரம் வாங்க."

"கட்டியா மேடம்?" அந்தச் சொல்லை முதல்முறையாக மனைவிதான் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

"டெஸ்ட் வரட்டும். எனக்கு இது வலி மாத்திரை போடறவங்களுக்கு வர்ற புண்ணு மாதிரி இருக்கு. தலவலி, முட்டிவலின்னு மாத்திர போடுவீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. டெய்லி போட்டாத்தான் இப்படி ஆகும்."

"வலிக்குன்னு ஒரு மாத்திர கூட போட்டது இல்ல மேடம்."

"தண்ணி போடுவீங்களா?"

"ஐயோ" என்றாள் மனைவி.

"நாட்டு மருந்து, லேகியம்?"

"தொக்கம் எடுத்தோம்" என்றேன். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. நான் மறைக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நிஜமான பதிலைத்தான் சொன்னேன். இதை இப்போது எழுதும்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த வாரத்தின் நடுவில்தான் அத்தை வந்து இறங்கினாள்.

டெஸ்ட் விஷயம் அவளுக்குத் தெரியாது. வந்த மறுநாள் மத்தியானம், வஞ்சிரக் குழம்பு. அத்தை மீனை முள்கரண்டியால் பிரித்து, சோற்றைக் கையால் சாப்பிடுகிறவள். ஒரு வாயில் இரண்டு தேசம். நான் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். குழாய் விட்ட நாளிலிருந்து அந்த ஆள் பகலிலும் வரத் தொடங்கியிருந்தார். நான் வயிற்றைப் பிடித்ததும் மனைவி எழுந்து கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். வில்லை தண்ணீரில் விழுந்தது. சொய்.

அத்தை நிமிர்ந்தாள்.

"இன்னாடா, ஒனக்கும் முட்டி வந்துட்டுதா? இந்த வயசுலயா?"

"முட்டி இல்லத்தை. வயிறு."

"வயித்துல வலின்னா இத்த ஏன்டா கரைக்கிற?"

"வயித்துக்குத்தான அத்தை இது?"

"யாரு சொன்னது?"

"அப்பாதான். துலேருக்குன்னு..."

"துலேர்னா இன்னான்னு நெனச்சிகினு இருக்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "ஜீரணம்?" என்றாள் அவள், தேர்வு எழுதுகிற பிள்ளை மாதிரி.

அத்தைக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. முள்கரண்டியைக் கீழே வைத்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "மோன் தியே! துலேர்னா வலிடா. நோவு. முட்டி நோவு, தல நோவு, எந்த நோவா இருந்தாலும் துலேரு. ஒங்கப்பனுக்கு முட்டி நோவுக்குதான் குடுத்தேன். இது ஆஸ்பிரின்டா பைத்தியக்காரா! ஜீரணமாம், ஜீரணம்! ஊரு ஒலகத்துக்கு வார்த்த திருத்தற ஆளு!"

சிரித்துக்கொண்டே இருந்தவள், என் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து நிறுத்தினாள்.

டம்ளரில் கடைசி வட்டம் கரைந்துகொண்டிருந்தது. மூவரும் அதையே பார்த்தோம். துலேர். வலி. இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் வலியைத் தண்ணீரில் கலந்து, வலியைக் கொண்டுவா என்று கேட்டு, வலி தீர்ந்துபோய்விட்டது அத்தை வந்தால்தான் என்று காத்திருந்து குடித்திருக்கிறோம்.

"டாக்டரம்மா கேட்டாங்களே" என்றாள் மனைவி மெல்ல. "வலி மாத்திரை போடுவீங்களான்னு கேட்டாங்களே."

பிறகுதான் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். குழாய், புண், எடுத்து அனுப்பிய துணுக்கு. அத்தை மிச்சப் பட்டையில் ஒன்றைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "அந்த டாக்டர்கிட்ட நானும் வரேன்."

டாக்டரம்மா முதலில் டெஸ்ட் காகிதத்தைத்தான் எடுத்தார். "கெட்டது ஒண்ணும் இல்ல. வெறும் புண்ணுதான்" என்றார். நான் எத்தனையோ இரவுகள் ஒத்திகை பார்த்த காட்சி அது. வேறு பதிலுக்காக ஒத்திகை பார்த்திருந்தேன். என் முகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மனைவிக்கு அது தெரிந்திருந்தது, அழுதாள்.

அத்தை வெள்ளிக்காகிதத்தை மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிப் பொடி எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா?"

"தெனமும் மேடம். ராத்திரி."

"அன்னிக்கு கேட்டேனே, மாத்திர போடுவீங்களான்னு?"

"வாயில போடல மேடம். தண்ணில போட்டேன்."

"குடிப்பீங்களான்னும் கேட்டிருப்பாங்களே எல்லாரும்?"

"அது வேற குடி இல்ல மேடம்?"

அவருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. கடைசியில் சிரிப்பு வென்றது. "தண்ணி போடுவீங்களான்னு கேட்டா இல்லங்கறீங்க. மாத்திர போடுவீங்களான்னா இல்லங்கறீங்க. தண்ணில மாத்திர போடுவீங்களான்னு எவ கேப்பா?" பிறகு விளக்கினார். இதில் சோடா உப்பு இருக்கிறது. அது உள்ளே போனதும் எரிச்சலைக் கொஞ்ச நேரம் அணைக்கும். பின்னாலேயே மாத்திரை தன் வேலையைக் காட்டும். "மொதல்ல தடவிக் குடுக்கும், அப்புறம் கடிக்கும். கடிச்ச வலிக்கு நீங்க திரும்ப அதையே குடிச்சிருக்கீங்க." நிறுத்தினால் ஆறிவிடும் என்று சொல்லி, அமிலம் குறைய ஒரு மாத்திரை எழுதினார். எழுதியவர் தலையைத் தூக்கி, "இத வாயில போடணும்" என்றார்.

நான் மகிழ்ந்திருக்கவேண்டும். மகிழ்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மகிழ்ச்சியின் ஓரத்தில் ஏதோ கரைந்து மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் அதைக் கண்டது நான் அல்ல, அத்தை.

வீட்டுக்குப் போகும் வழியில், மனைவி மருந்துக்கடையில் நிற்கும்போது, அத்தை கடலைப் பார்க்கவேண்டும் என்றாள். பீச் ரோட்டில் கைப்பிடிச்சுவர் மேல் உட்கார்ந்தோம். கருங்கல்லில் அலை மோதித் தூள் பறந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. அத்தை தன் முட்டியைப் பிடித்துவிட்டபடி கேட்டாள்.

"அண்ணனுக்கு வயித்துல கட்டின்னு யாரு சொன்னது?"

"ஆஸ்பத்திரில, அத்தை."

"பாத்தாங்களா? ஒனக்கு விட்டாங்களே கொழாய், அந்த மாதிரி?"

"அதுக்கெல்லாம் நேரமே இல்ல அத்தை. அன்னிக்கே..."

"வயிறு நோவுதுன்னு அவன் எனக்கு சொல்லவே இல்லியே."

"எங்களுக்கும் சொல்லல."

"சாப்ட்டு போடுன்னுதான் சொன்னேன். வெறும் வயித்துல வாணாம்னு சொன்னேன்."

"சாப்ட்டுதான் போட்டாரு. நான் பாத்திருக்கேன்."

அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு சொல்லைக் கேட்காமல் விட்டதன் விளைவை அன்றுதான் அறிந்திருந்தேன், ஆனாலும் கேட்கவில்லை.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? கட்டிதான் அத்தை, சந்தேகமே இல்லை என்றா? கட்டி இல்லாமலும் இருந்திருக்கலாம் என்றா? எனக்கு வந்த வலிக்கு அத்தனை நாளாக அப்பாவின் பெயரைச் சூட்டியிருந்தேன். அது தப்பு என்று ஆனது. இப்போது அப்பாவின் வலிக்கு என் பெயரைச் சூட்டினால் அதுவும் தப்பாகுமா? இரண்டு குகைகள். ஒன்றில்தான் விளக்குப் பிடித்தார்கள். முட்டிவலிக்கு ஒரு தங்கை கொடுத்தாள், ஓர் அண்ணன் அதைக் குடித்தார், ஒரு மகன் பக்கத்தில் நின்று சாரலை முகத்தில் வாங்கினான். இதில் யார் எங்கே பிழை? இத்தனை வருடம் கழித்து, அப்பா இறந்த வயதைத் தாண்டிய பிறகும், இந்தப் பக்கத்தில் எங்கே கோடு போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியாது அத்தை" என்றேன். "யாரும் பாக்கல. யாருக்கும் தெரியாது."

அவள் தலையாட்டினாள். எழுந்திருக்கக் கை நீட்டினாள். முட்டி நறுக்கென்றது, இருவருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும், இருக்கிற பட்டையெல்லாம் எடுத்துவரச் சொன்னாள். அலமாரி, அரிசிப்பானைக்குப் பின்னால், மகளின் பழைய பென்சில் டப்பா என்று மனைவி எங்கெங்கிருந்தோ கொண்டுவந்தாள். அத்தை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் கொண்டுவந்திருந்த தன் பங்குப் பட்டைகளையும் கைப்பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அது ஒங்க முட்டிக்கு அத்தை" என்றேன்.

"நோவுனா நோவட்டும். சும்மா கெட."

ஒவ்வொன்றாகக் கிழித்து வாளியில் போட்டாள். குப்பையில் எறிந்திருக்கலாம். யாராவது பொறுக்கித் தின்றுவிடுவார்கள் என்று பயந்தாளா, அல்லது அது கரைந்து போவதைக் கண்ணால் பார்க்கவேண்டியிருந்ததா? வாளி பொங்கியது. மாடி முழுக்க சொய்யென்ற சத்தம். எலுமிச்சை வாசனை. மகள் ஓடிவந்து குனிந்து, சாரலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன், தேவையே இல்லாத வேகத்தில். அவள் விழித்தாள்.

"அத்தை, அந்தத் தண்ணிய ரோஜாத்தொட்டில ஊத்திடாதீங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாதா? உன் ரோஜாவுக்கு முட்டியா கீது?"

எங்களில் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. நான் எதுவும் குடித்திருக்கவில்லை. காலையிலிருந்து வயிறு காலி. அந்தச் சத்தத்தையும் வாசனையையும் மட்டும் நம்பி, என் அடிவயிற்றிலிருந்து நீளமாக, நிதானமாக ஓர் ஏப்பம் மேலே வந்தது. அதன் முடிவில், நான் கேட்காமலே, ஆங் என்று என் வாய் சொன்னது.

அத்தையின் கை வாளிக்கு மேல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தது என்னை அல்ல, தன் அண்ணனை.

பிறகு கையிலிருந்த வில்லையைத் தண்ணீரில் விட்டாள்.